என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி. டெஸ்ட்: உண்மையில் என்ன செய்வார்கள்?

கேட்டவர்: மரத்தவிரல்

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு கையிலும் விரல் மரத்துப்போகிறது, கழுத்துவலியும் உண்டு. நரம்பு டாக்டர் என்.சி.எஸ். (நரம்பில் சமிக்ஞை ஓடுவதை அளப்பது), ஈ.எம்.ஜி. (ஊசி வைத்துத் தசையின் மின்சமிக்ஞையைப் பார்ப்பது) இரண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஊசியைக் குத்தி அதுல கரண்ட் விடுவாங்க" என்று யாரோ சொன்னதிலிருந்து வரமாட்டேன் என்கிறார். சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் போகணுமா? மாத்திரையை நிறுத்தணுமா? வலி எந்த அளவு? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: மின்முனை

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஊசி வழியாகக் கரண்ட் போகாது. அந்த ஊசி ஒரு மைக் மாதிரி. தசையில் தானாக எழுகிற மின்சமிக்ஞையை வாங்கி ஸ்பீக்கரில் கேட்க வைக்கும், திரையில் அலையாகக் காட்டும், அவ்வளவுதான். கரண்ட் வைப்பது முதல் பாதியில் (அதுதான் என்.சி.எஸ்.), அதுவும் தோலுக்கு மேலே.

கட்டைவிரலின் அடிப்பக்கச் சதை மேல் ஓர் எலக்ட்ரோடு (அலையைப் பதிவு செய்யும் மின்முனை), விரல் மூட்டில் இன்னொன்று, புறங்கையில் எர்த் ஒன்று ஒட்டுவார்கள். பிறகு இரண்டு முனை உள்ள கருவியை மணிக்கட்டில் அழுத்தி ஷாக் கொடுப்பார்கள். ஒரு ஷாக் நீடிப்பது 0.1 அல்லது 0.2 மில்லிவினாடி. சுரீர் என்று இருக்கும், விரல் துள்ளும், உடனே போய்விடும். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். "அதான் விரல் துள்ளிடுச்சே, இன்னும் ஏன் ஏத்துறீங்க" என்று பலரும் கோபப்படும் இடம் இதுதான். நரம்புக்குள் இருக்கும் இழைகள் அத்தனையும் கிளம்பினால்தான் அலை முழு உயரத்துக்கு வரும். அலை மேற்கொண்டு வளராத அளவைத் தொட்டபின், அதற்கும் மேலே சுமார் 20 சதவீதம் கூட்டி ஒரு ஷாக் வைத்துப் பதிவு செய்வார்கள். பாதியில் நிறுத்தினால் நல்ல நரம்பும் கெட்டுப்போனது போல ரிப்போர்ட்டில் வரும்.

அடுத்து அதே நரம்பை முழங்கைப் பக்கம் தூண்டுவார்கள். ஷாக் வைத்ததிலிருந்து அலை எழுவதற்கு ஆகும் நேரம் மணிக்கட்டிலிருந்து 3.6 மில்லிவினாடி, முழங்கையிலிருந்து 7.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் டேப்பால் அளந்த தூரம் 22 செ.மீ. என்றால், 220 மி.மீ.யை 4 மில்லிவினாடியால் வகுத்து, வேகம் நொடிக்கு 55 மீட்டர். கையில் பொதுவாக 50க்கு மேல், காலில் 40க்கு மேல் இருந்தால் சரி. எஃப் அலை (தண்டுவடம் வரை போய்த் திரும்பி வரும் அலை) என்று ஒன்று பார்க்கும்போது ஒரே இடத்தில் பத்து ஷாக் வரைக்கும் தொடர்ந்து வரும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மெஷின் பழுதோ என்று பயந்துவிடுவார்.

பட்டினி வேண்டாம், சாப்பிட்டே போகலாம். மயக்க மருந்து கிடையாது. ஊசிப் பகுதியில் அவரே தசையை இறுக்கித் தளர்த்த வேண்டும். என்.சி.எஸ்., ஈ.எம்.ஜி. இரண்டும் சேர்த்து பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

அன்றைக்குக் கை காலில் எண்ணெய், க்ரீம், லோஷன் எதுவும் தடவ வேண்டாம். எலக்ட்ரோடு சரியாக ஒட்டாது, அலை நடுங்கும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டுப் போவது நல்லது.

பதில்: ஊசிமுனை

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு, அது சின்ன விஷயம் இல்லை: கைச்சூடு. ஏசி அறையில் கை ஜில்லென்று இருந்தால் நரம்பின் வேகம் தானாகக் குறையும். தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் இறங்கினால் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர் இறங்கும், மணிக்கட்டிலிருந்து வருகிற நேரம் 0.2 மில்லிவினாடி நீளும். மணிக்கட்டு நரம்பு அழுத்தம் இல்லாதவருக்கும் இருப்பதாக எழுதிவிட இது போதும். கை 32 டிகிரி, கால் 30 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. குளிர்ந்த கையோடு உட்கார்ந்தால் "கொஞ்சம் சூடுபடுத்திட்டு எடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சமீபத்திய ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள், உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஊசி மெல்லியது, ஐ.என்.ஆர். அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். ஆழமான தசைகளைத் தவிர்த்து, மேலோட்டமானதைத் தேர்ந்து, எடுத்தபின் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ஒரு கையில் நிணநீர் வீக்கம் இருந்தாலோ அதையும் சொல்லணும். வீங்கிய கையில் ஊசி வேண்டாம் என்பதுதான் வழக்கம்.

ஊசி குத்தும்போது எறும்புக்கடி. தசைக்குள் நகர்த்தும்போது மந்தமான வலி. கட்டைவிரலின் அடிப்பக்கச் சதையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், அதை மறைக்கத் தேவையில்லை. ஸ்பீக்கரைக் கவனியுங்கள். தளர்ந்த தசை அமைதியாக இருக்கணும். சங்கைக் காதில் வைத்தாற்போல 'உஸ்' என்று இரைச்சல் வந்து, கூடவே வலியும் சுள்ளென்று ஏறினால், ஊசிமுனை நரம்பு தசையோடு சேரும் இடத்தில் நிற்கிறது. "இங்க ரொம்ப வலிக்குது" என்றால் இம்மியளவு தள்ளி வைப்பார்கள், வலி அடங்கிவிடும். தளர்ந்த தசையிலும் சீரான டிக்-டிக் தொடர்ந்து கேட்டால், நரம்புத் தொடர்பு அறுபட்ட தசையிழைகள் தானாகத் துடிக்கின்றன என்று பெரும்பாலும் அர்த்தம்.

முடிந்தபின் ஓரிரு நாள் லேசாக வலிக்கலாம், சின்னதாக ரத்தம் கட்டலாம். சி.கே. (தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் நொதி) ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். குத்தின பிறகு அந்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம்.

மரத்தவிரல்

ரொம்ப நன்றி. பிரச்சினை கையில்தானே, காலிலும் எலக்ட்ரோடு ஒட்டணும் என்று சொன்னார்களாம். எதற்கு?

பதில்: அலைநீளம்

சர்க்கரை காரணம். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பாதத்தில்தான் முதலில் பிடிக்கும். காலைப் பார்க்காமல் கையை மட்டும் எடுத்தால், மணிக்கட்டு அழுத்தமா, உடம்பு முழுக்க உள்ளதா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரிக்க முடியாது. கையிலும் சுண்டுவிரல் நரம்பை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்து நடுநரம்பு (மணிக்கட்டின் நடுவே கட்டைவிரல் பக்கம் போகும் நரம்பு) மட்டும் மணிக்கட்டில் தாமதம் என்றால் பழி மணிக்கட்டின் மேல்.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள். அலையின் உயரம் குறைந்தால் பொதுவாக நரம்பிழையே சேதம். உயரம் இருந்து வேகம் மட்டும் குறைந்தால் இழையைச் சுற்றியுள்ள மேலுறை கெட்டது. இது முழு விதியல்ல, ஆனால் டாக்டரிடம் கேள்வி கேட்க உதவும்.

கழுத்துவலி இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து எலும்பில் நரம்புவேர் நசுங்கினால் விரல் மரத்திருக்கும், ஆனால் உணர்ச்சி நரம்பு சோதனை பெரும்பாலும் நார்மலாகவே வரும். உணர்ச்சி நரம்பின் செல்கள் நசுங்கும் இடத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பதால் கைக்குள் ஓடும் இழை கெடுவதில்லை. அதைப் பிடிக்கத்தான் ஊசி. தோள், கை, கழுத்தின் பின்தசை என்று ஒரே வேருக்குச் சேர்ந்தவற்றில் குத்திப் பார்ப்பார்கள். தொந்தரவு திடீரென ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் அவசரப்பட வேண்டாம், ஊசியில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இன்னொன்று, பாதத்தில் எரிச்சலும் இருந்து என்.சி.எஸ். நார்மல் என்று வந்தால் "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். இந்த டெஸ்ட் தடித்த இழைகளை மட்டும்தான் பார்க்கும். வலியையும் சூட்டையும் எடுத்துச் செல்லும் மெல்லிய இழை இதில் தெரியாது, எரிச்சல் இருப்பதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.