வேலுத்தாய் வகையறா: முருகேசன் ஆக்சிடென்ட்

செவ்வாய், காலை

கார்த்தி: அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது தொடை எலும்பில் ராடு வைத்திருக்கிறார்கள். வார்டுக்கு மாற்றியாச்சு. டீ கேட்கிறார்.

பாப்பா அத்தை: முருகா 🙏🙏🙏

லட்சுமி அத்தை: அண்ணனுக்கு டீ வேண்டாம். கஞ்சி கொடு. கருப்பட்டி போட்டு.

சுரேஷ் (சிங்கப்பூர்): ஊருக்கே டீ ஊற்றுகிறவருக்கு டீ இல்லையா

தீபா: சித்தி சாப்பிட்டார்களா கார்த்தி? நேற்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றாய்.

கார்த்தி: இப்போதுதான் இரண்டு இட்லி அக்கா.

கார்த்தி: இன்னொரு விஷயம். அப்பா சைக்கிளில் மோதிய கார்க்காரர் வீட்டு ஆட்கள் நேற்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பதினைந்தாயிரம் கையில் தருகிறார்களாம். 'வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பேப்பரை டைப் அடித்தே கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா போட்டுவிடலாம் என்கிறாள். என்ன செய்யட்டும்?

பாண்டி பெரியப்பா: வாங்கிக்கொண்டு எழுதிக் கொடு. தெரிந்த மனுஷர்கள். கோர்ட் என்று போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று நம் கிணற்றுக் கேஸில் பார்க்கவில்லையா.

சுரேஷ்: கிணற்றுக் கேஸ் ஏன் அவ்வளவு வருஷம் ஆனது என்று நான் சொல்லவா மாமா

லட்சுமி அத்தை: சுரேஷ். வாயை மூடு.

ராஜாமணி மாமா: யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். விவரமாக எழுதுகிறேன்.

சுரேஷ்: சிரஸ்தார் (கோர்ட் தலைமைக் குமாஸ்தா) கோர்ட்டுக்குள் வந்துவிட்டார். எல்லாரும் எழுந்து நில்லுங்கள்

ராஜாமணி மாமா: மாப்ளே கார்த்தி, முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இது கார்க்காரரிடம் கை நீட்டுகிற விஷயமே இல்லை. ரோட்டில் ஓடுகிற எந்த மோட்டார் வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அடிபடுகிற மூன்றாவது ஆளுக்காகத்தான் அந்த இன்சூரன்ஸே இருக்கிறது. நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் அந்த மூன்றாவது ஆள்தான். உன் அப்பா சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் வேண்டியதில்லை, லைசென்ஸ் வேண்டியதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு என்று நம்பர் ஆகும். எதிர்மனுதாரர் கார் ஓனரும் இன்சூரன்ஸ் கம்பெனியும். பணம் கொடுப்பது கம்பெனி.

ராஜாமணி மாமா: அப்புறம், எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?

கார்த்தி: ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள். படம் அனுப்புகிறேன்.

கார்த்தி: [படம்]

ராஜாமணி மாமா: இது சி.எஸ்.ஆர். மாப்ளே. மனு வாங்கினோம் என்பதற்கான ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். இல்லை. சமாதானம் ஆகிவிடும் என்று காத்திருக்கிறார்கள்.

பாண்டி பெரியப்பா: அதைத்தானே நானும் சொல்கிறேன். சமாதானமாகப் போகலாம்.

பாப்பா அத்தை: [பலமுறை பகிரப்பட்டது] சைக்கிளில் ஹெல்மெட் போடாமல் அடிபட்டால் ஒரு பைசா கிடைக்காது!!! புதிய சட்டம்!!! அனைவருக்கும் பகிரவும்

கார்த்தி: ஐயோ. அப்பா ஹெல்மெட் போடவில்லையே.

ராஜாமணி மாமா: சுத்தப் பொய். ஹெல்மெட் கட்டாயம் என்பது மோட்டார் சைக்கிளுக்கு. பாப்பா, இப்படி வருவதை எல்லாம் இங்கே போடாதே.

பாப்பா அத்தை: எனக்கு வந்தது, அனுப்பினேன். இதற்கு எதற்குக் கோபம்.

சுரேஷ்: போன மாசம் பப்பாளி இலையில் சுகர் போகும் என்றீர்களே அத்தை

பாப்பா அத்தை: போச்சே. எதிர்வீட்டுக்காரிக்குப் போச்சு.

தீபா: இதைத் தனியாகப் பேசுங்களேன். மாமா, ஆஸ்பத்திரியில் ஏதாவது வாங்கி வைக்க வேண்டுமா?

ராஜாமணி மாமா: நல்ல கேள்வி தீபா. ஏ.ஆர். காப்பி. விபத்து கேஸ் வந்தவுடன் ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி மோதியது, கூட்டி வந்தது யார், எல்லாம் அதில் இருக்கும். கார்த்தி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார். இப்போதே.

பகல்

கார்த்தி: மாமா பார்த்தேன். 'சைக்கிளில் இருந்து தானாகத் தவறி விழுந்ததாக' என்று எழுதியிருக்கிறது.

தீபா: என்னது?

கார்த்தி: அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்ததே அவர்கள்தான். அவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது நினைவே சரியாக இல்லை.

சுரேஷ்: ஆஹா. புண்ணியவான்கள்.

பாண்டி பெரியப்பா: விட்டுவிட்டு ஓடாமல் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்களே. அதையும் நினைக்க வேண்டும்.

ராஜாமணி மாமா: மச்சான், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது டிரைவரின் சட்டக் கடமை. 134-வது பிரிவு. போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டிருக்கிறார்கள்.

ராஜாமணி மாமா: கார்த்தி, பயப்படாதே. இந்த ஒரு வரியைத்தான் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவார். அதை உடைக்க வேறு சாட்சியம் வேண்டும். மோதின இடம் பனியன் கம்பெனி கேட் பக்கம் என்றாயே, கேமரா இருக்கும். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். இன்றைக்கே போய்க் கேள். கொடுக்க மாட்டோம் என்றால் எஸ்.ஐ.யிடம் எழுதிக் கொடு, அவர் கேட்டு வாங்கட்டும். அப்பா நன்றாகப் பேசுகிறார் என்றால் அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல். 'தானாக விழவில்லை, பின்னால் வந்து இடித்தது' என்று அவர் வாயால் வர வேண்டும்.

கார்த்தி: பின்னால் இல்லை மாமா. சந்தில் இருந்து திரும்பிய கார்.

ராஜாமணி மாமா: எப்படி நடந்ததோ அப்படியே சொல்லட்டும். நான் சொன்னதைச் சொல்ல வேண்டாம்.

சுரேஷ்: நோட் பண்ணுங்கள், அப்பா திருத்திக்கொண்டார்

லட்சுமி அத்தை: சைக்கிளில் லைட் எரியாது என்று அண்ணி சொல்வாளே. விடிவதற்கு முன்னால் போகாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ராஜாமணி மாமா: இதைக் குரூப்பில் எழுதாதே லட்சுமி.

லட்சுமி அத்தை: இது குடும்பக் குரூப்தானே. யார் பார்க்கப் போகிறார்கள்.

ராஜாமணி மாமா: லைட் இல்லை என்று தெரிந்தால் கவனக்குறைவில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். கழிப்பார்களே தவிர, மொத்தமாக இல்லை என்று ஆகாது. கேட்டால் பொய் சொல்லவும் கூடாது. சைக்கிள் இப்போது எங்கே?

கார்த்தி: ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறது. முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. டீ டிரம் நசுங்கிப் போச்சு.

பாண்டி பெரியப்பா: அந்த சைக்கிள் நான் வாங்கிக் கொடுத்தது.

லட்சுமி அத்தை: அப்பா வாங்கியது அண்ணே. நீங்கள் சீட்டு மட்டும் மாற்றினீர்கள்.

பாண்டி பெரியப்பா: சரி, இப்போது அதுவா முக்கியம்.

ராஜாமணி மாமா: நாலு பக்கமும் படம் எடு. ரிப்பேர் செய்யாதே. அந்தச் சேதத்தையும் மனுவில் கேட்கலாம்.

தீபா: ஆஸ்பத்திரி செலவு எப்படி ஓடுகிறது கார்த்தி? மறைக்காமல் சொல்.

கார்த்தி: முதல் இரண்டு நாள் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் போய்விட்டது அக்கா. அதற்குமேல் முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கொடுத்திருக்கிறேன். ராடுக்குத் தனியாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பதினைந்தாயிரம் வந்தால் நல்லதுதான் என்று அம்மா சொல்வது அதனால்தான்.

தீபா: ஜிபேயில் போடுகிறேன். திருப்பித் தருகிறேன் என்று சொல்லக் கூடாது.

சுரேஷ்: நானும். சனிக்கிழமை சம்பளம்.

ராஜாமணி மாமா: ஒவ்வொரு பில்லையும் வைத்துக்கொள். மருந்துச் சீட்டு, ஆட்டோ, கஞ்சி வாங்கினது வரைக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் தேதி வாரியாக. தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, ஊட்டச்சத்துக்கு, வலி வேதனைக்கு என்று தனித்தனித் தலைப்பில் கொடுப்பார்கள். பெரிய தொகை வருமான இழப்பில்தான் இருக்கிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன்.

சுரேஷ்: அப்பா சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்

ராஜாமணி மாமா: மாதம் 12,000 வருமானம் என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு 1,44,000. வயது 58. 56 முதல் 60 வரை பெருக்கும் எண் 9. இது 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. ஊனம் 20 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு கொடுத்தால் 2,59,200. இது ஒரு தலைப்பில் மட்டும். இதற்கு மேல் பில், வலி வேதனை, வட்டி. இப்போது அந்தப் பதினைந்தாயிரத்தைப் பார்.

செல்வி சித்தி: [குரல் பதிவு 0:48]

தீபா: சித்தி என்ன சொல்கிறார்கள், ஆஸ்பத்திரிச் சத்தத்தில் கேட்கவில்லை.

கார்த்தி: அம்மா அழுகிறாள் அக்கா. அவர் இனி சைக்கிள் மிதிக்க முடியுமா என்று கேட்கிறாள்.

ராஜாமணி மாமா: அதுவும் கணக்கில் வரும் தங்கச்சி. காலில் ஒரே அளவு ஊனம் என்றாலும் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு ஒரு நஷ்டம், சைக்கிளில் டீ விற்கிறவருக்கு வேறு நஷ்டம். தொழில் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கார்த்தி: வருமானத்துக்குச் சான்று? அப்பாவிடம் நோட்டு கூட இல்லை.

சுரேஷ்: கேனில் கியூ.ஆர். ஒட்டியிருந்தாரே

கார்த்தி: அது என் அக்கவுண்ட்டுக்கு வரும்.

ராஜாமணி மாமா: பரவாயில்லை. ஸ்டேட்மென்ட் எடு. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று காலையில் வரிசையாக வந்திருக்கும், பார்த்தாலே தெரியும். பால்காரரிடம் ஒரு எழுத்து வாங்கு. எதுவுமே இல்லை என்றாலும் தீர்ப்பாயம் உத்தேசமாக ஒரு வருமானத்தை வைத்துக் கணக்கிடும்.

பாண்டி பெரியப்பா: மாப்பிள்ளை, நீங்கள் சொல்வது எல்லாம் சட்டம். நடைமுறை வேறு. திருப்பூருக்கு வாய்தாவுக்கு வாய்தா யார் அலைவது? கால் உடைந்தவனை ஊருக்குக் கூட்டி வந்துவிடுவோம் என்று பேசினோமே.

ராஜாமணி மாமா: விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லை மச்சான். மனுதாரர் குடியிருக்கிற ஊரிலும் போடலாம். திண்டுக்கல்லிலேயே போடலாம். இழுக்க வேண்டாம் என்றால் மக்கள் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி முடிக்கவும் வழி இருக்கிறது. இன்னொரு சின்ன வழியும் உண்டு. 164-வது பிரிவு. யார் தப்பு என்றே நிரூபிக்க வேண்டாம். கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணம் என்றால் 5 லட்சம். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம். ஆனால் அதில் தொகையை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் 166 மனு அதோடு சரி. எது என்று வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

ராஜாமணி மாமா: எதுவானாலும் விபத்து நடந்த தேதியில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். முன்பு எங்கள் காலத்தில் கெடு கிடையாது. 2022 ஏப்ரலில் இருந்து இந்தக் கெடு.

கார்த்தி: வார்டு வாசலில் ஒருவர் விசிட்டிங் கார்டு கொடுத்தார். கேஸ் நான் பார்க்கிறேன், செலவு இல்லை, வருவதில் முப்பது சதவீதம் என்றார்.

ராஜாமணி மாமா: கிழித்துப் போடு. கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவது வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. வாசலில் நிற்பவர் வக்கீல்கூட இல்லை, புரோக்கர். கையில் காசு இல்லை என்றால் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு.

பாப்பா அத்தை: பாண்டி அண்ணே, ஒன்று கேட்கணும். அந்தக் கார்க்காரர் நம் கண்ணனுக்குப் பெண் பார்த்திருக்கிற வீட்டுக்கு ஏதோ வேண்டும் இல்லையா? அன்றைக்குப் பூ வைக்கிற பேச்சில் திருப்பூர் காண்ட்ராக்டர் என்று சொன்னார்களே.

சுரேஷ்: 👀

தீபா: அப்பா?

[பாண்டி பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கினார்]

சுரேஷ்: நான் படித்துவிட்டேன் மாமா

பாண்டி பெரியப்பா: பெண்ணின் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர். அதனால் என்ன? நான் என் தம்பிக்குக் கெடுதல் நினைப்பேனா? இரண்டு பக்கமும் நோகாமல் போகட்டும் என்றுதான்.

லட்சுமி அத்தை: கிணற்றிலும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே.

தீபா: அப்பா இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ராஜாமணி மாமா: மச்சான், அவருக்கும் நோகாது என்பதைத்தான் காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கார்த்தி, வண்டி நம்பரை அரசாங்கத்தின் பரிவாகன் ஆப்பில் போடு.

கார்த்தி: போட்டுப் பார்த்தேன். அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கிறது.

கார்த்தி: ஆனால் ஓட்டியது காண்ட்ராக்டர் இல்லை, அவர் பையன். லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்று டீக்கடைப் பக்கம் பேசிக்கொள்கிறார்கள்.

சுரேஷ்: ஓ. அதுதான் டைப் அடித்த பேப்பரா.

ராஜாமணி மாமா: அப்படி இருந்தால் விஷயம் கொஞ்சம் மாறும். கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று பல வழக்குகளில் உத்தரவு வந்திருக்கிறது. நமக்குப் பணம் வரும். அவருக்குத்தான் இடி. பேச்சு என்பதால் நாம் எங்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். யார் ஓட்டியது என்று கேமரா சொல்லட்டும்.

பாண்டி பெரியப்பா: பார்த்தீர்களா. அப்போது அவர் கையில் இருந்துதானே போகிறது.

தீபா: சித்தப்பா கால் மட்டும் யார் கையில் இருந்து போச்சு அப்பா?

பாப்பா அத்தை: நான் வேறு எதையோ கேட்கப் போய்…

பாப்பா அத்தை: கண்ணன் நிச்சயதார்த்தம் 14-ஆம் தேதிதானா இன்னும்? ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

தீபா: தெரியவில்லை அத்தை.

இரவு

கார்த்தி: கேமரா பதிவு இருக்கிறது மாமா. செக்யூரிட்டி அண்ணன் போனில் காட்டினார். கார் திரும்புவது தெரிகிறது. ஓட்டுகிற ஆளின் முகம் தெரியவில்லை. எஸ்.ஐ. கேட்டால் தருகிறோம் என்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எஸ்.ஐ. ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

ராஜாமணி மாமா: எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கு. பி.என்.எஸ்., அதாவது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டத்தில் 281 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 125(பி) (கொடுங்காயம்) இரண்டும் இருக்கிறதா என்று பார். போட மறுத்தால் மேலதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். நான் ஒரு மனு மாதிரி எழுதி அனுப்புகிறேன்.

கார்த்தி: நீங்கள் நேரில் வர முடியுமா மாமா? எனக்கு அங்கே போனாலே வாய் வராது.

லட்சுமி அத்தை: அவருக்கு நாளைக்குக் கண் டாக்டர்.

ராஜாமணி மாமா: அதைத் தள்ளிப் போடலாம். முதல் பஸ் எத்தனை மணிக்கு?

பாண்டி பெரியப்பா: நானும் வருகிறேன். ஆனால் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு.

தீபா: வேண்டாம் அப்பா.

ராஜாமணி மாமா: வாருங்கள் மச்சான். பஸ்ஸில் பேசிக்கொள்வோம்.

சுரேஷ்: மூன்று மணி நேரம் அப்பா பக்கத்து சீட். மாமா யோசித்து முடிவு செய்யுங்கள்.

செல்வி சித்தி: பேப்பர் என் பையில்தான் இருக்கிறது. இன்னும் போடவில்லை.

பாண்டி பெரியப்பா: 👍