பாடாங் பெசார் – பேங்காக் இரவு ரயிலில் சந்தித்தவர்கள்

கெடா_குமரன்
பேங்காக்கில் வேலை பார்க்கும் பள்ளிக்கூட நண்பனைப் பார்க்கப் போனேன். 46-ஆம் நம்பர் ரயில், கீழ்ப் படுக்கை. எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில் மலேசியா, தாய்லாந்து இரண்டு நாட்டுச் சாப்பும் (பாஸ்போர்ட் முத்திரை) ஒரே ஸ்டேஷனில் குத்திக்கொண்டு ஏறும் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். எதிரே ஒரு பெரியவர், கூலிம் பக்கம் தோட்டத்தில் பிறந்தவராம். தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் தாண்டி, பணியாளர் இருக்கையை இழுத்து மெத்தை விரித்துக்கொண்டிருக்கும்போது, "தம்பி, விடியக்காலையில பான் போங்னு ஒரு ஸ்டேஷன் வரும். போர்டைப் பார்த்தா எனக்குச் சொல்லுங்க, எனக்குப் பார்வை பத்தாது" என்றார்.

சொன்னேன். எழுந்து நின்று, ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். ஸ்டேஷன் போன பிறகும் கையை இறக்கவில்லை. "எங்க பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப இங்கதான் இறக்கினாங்க. நம்ம ஆளுங்க எத்தனை பேர் இறங்கியிருப்பாங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதில் தெரியவில்லை. நண்பன் வீட்டில் இருந்த நாளெல்லாம் அதே கேள்விதான் ஓடியது.

பினாங்கு_மலர்
குமரன், விடியக்காலை என்கிறீர்கள். நான் போனபோது பான் போங் வரும்போது நல்ல வெயில். தாமதமாக வந்திருக்கலாம், அந்த ரயில் அப்படித்தான்.

எனக்கு மறக்காதது ஒரு தாய்லாந்து முஸ்லிம் அக்கா. கைக்குழந்தையோடு ஹாட்யாயில் ஏறினார். பெட்டியில் இரவு முழுக்க விளக்கு எரியும் அல்லவா, குழந்தை தூங்கவே இல்லை. ஒரு சாரோங்கை எடுத்து மேல் படுக்கைக் கம்பியில் கட்டி, குழந்தையை உள்ளே போட்டு ஆட்டினார். தோட்டத்து வீட்டில் என் பாட்டி கட்டிய ஏணைதான், முடிச்சுகூட அதே முடிச்சு. எனக்குத் தாய் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடினேன். அவர் ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். குழந்தை தூங்கிவிட்டது.

ரவாங்_செல்வா
என் நண்பர் பேங்காக்கின் பழைய ஸ்டேஷனான ஹுவா லம்போங்கில் காத்திருந்தார், நான் இறங்கியது புது ஸ்டேஷனான குருங் தேப் அபிவாட்டில். டாக்சிக்காரர் என் போனை வாங்கி நண்பரிடம் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசி, என்னை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். நல்ல மனிதர்.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து தென்பாதை விரைவு ரயில்கள் அபிவாட்டுக்குத்தான் போகின்றன, நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும். நுழைவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அரசு தளத்தில் இலவசம், காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். தாய்லாந்து மணி நம் மலேசிய மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால், டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அவர்கள் மணி. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்சார ரயிலில் வருபவர்கள் எல்லையில் போதிய இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் உண்டு. மேல் படுக்கை மலிவு, ஆனால் விளக்கு முகத்துக்கு நேரே. ஏர்கான் குளிர் கடுமை, சட்டைக்கு மேல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 2014-லிருந்து ரயிலில் மது கூடாது. நண்பருக்கென்று பாட்டில் வாங்கிப் போனால் திறக்காமல் பையிலேயே இருக்கட்டும். சாப்பாடு எல்லையிலேயே கட்டிக்கொள்வது நல்லது.

ஈப்போ_வாத்தியார்
செல்வா, குமரன் டிக்கெட் விவரம் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் கேள்விக்கு யாராவது வாய் திறப்பீர்கள் என்று பார்த்தேன்.

பான் போங் பக்கத்தில் இருக்கும் நோங் பிளாடுக்கில்தான் சயாம்-பர்மா ரயில் பாதை பிரிகிறது. சயாம் என்றால் தாய்லாந்து. 415 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சரக்கு வண்டியில் அடைத்து, இன்று நீங்கள் மெத்தையில் படுத்துப் போகும் இதே பாதையில்தான் கொண்டுபோனார்கள். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சரியான கணக்கு எவரிடமும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் மட்டும் 90,000 இருக்கும் என்கிறார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பாதையில் இருக்கும் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 நேச நாட்டுக் கைதிகள் வரிசையாகக் கிடக்கிறார்கள், பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிக் கல் வைக்க யாரும் இல்லை. எனக்குப் பொறுக்காத இடம் அதுதான்.

குமரன், அந்தப் பெரியவரைத் திரும்பப் பார்க்க முடிந்தால் இதைச் சொல்லுங்கள். பேங்காக் வரை போகவே வேண்டாம். நக்கோன் பதோமில் இறங்கினால் பேங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து அந்தப் பழைய பாதையில் 'நாம் தோக்' என்ற ஊருக்குப் போகும் ரயில் அங்கேயே கிடைக்கும். காலையில் ஒன்று, தவறினால் மதியம் ஒன்று. பழைய பாதையில் எஞ்சியிருக்கும் 130 கிலோமீட்டர் வரை அதில் போகலாம். உங்கள் நண்பரையும் அங்கேயே வரச் சொல்லிவிடுங்கள், பெரியவருக்கு போர்டு படித்துச் சொல்ல ஒரு ஆள் கூட இருக்கும்.