‘ஸ்பில்லோவர்’ – ‘வழிவு’க்கு மாற்றாக ‘இனந்தாவல்’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு விலங்கினத்தின் நோய்க்கிருமி வேறோர் இனத்தைத் தொற்றுவதைக் குறிக்கும் ‘ஸ்பில்லோவர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நம் குழுமத்தில் புதுவை நண்பர் முன்வைத்த ‘வழிவு’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. குடம் நிறைந்தால்தான் நீர் வழியும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமி ஓரினத்திலிருந்து வேறோர் இனத்துக்குச் செல்ல, முதல் இனத்தில் நோய் நிரம்பியிருக்க வேண்டியதில்லை. நோயுற்ற ஒரே விலங்கின் ஒரு கடி போதும். உமிழ்நீரோடு காயத்தில் புகும் வைரஸ் நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கி, அடுத்த கடிக்குக் காத்திருக்கிறது. இந்நிகழ்வுக்கு ‘இனந்தாவல்’ என்பதே பொருந்தும். ‘கட்சித் தாவல்’ நாளிதழ்களில் அன்றாடம் புழங்குவதால் இச்சொல்லின் அமைப்பு யாருக்கும் புதிதாக இராது.

இச்சொல்லை விளக்க அமெரிக்க ‘கிரவுண்ட்ஹாக்’ என்னும் விலங்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதை ‘நிலப்பன்றி’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டுகிறேன். அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழும் பெரிய கொறிவிலங்கு. ‘வளையணில்’ என்றால் உருவமும் இயல்பும் விளங்கிவிடும். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ரேபிஸை வழிவழியாகத் தக்கவைத்திருப்பது ரக்கூன் என்னும் காட்டு விலங்கு. வளையணிலுக்கு நோய் பெரும்பாலும் அதனிடமிருந்தே வருகிறது. 1985 முதல் 1994 வரை அங்கே கொறிவிலங்குகளில் பதிவான 368 ரேபிஸ் நேர்வுகளில் 93 விழுக்காடு வளையணில்களே. எலி, அணில் போன்ற சிற்றுயிர்களிடம் இந்நோய் மிக அரிது; பெருவிலங்கின் கடிக்குப் பின் அவை பிழைத்திருப்பதே அரிது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

எனவே நோயைத் தன் இனத்துக்குள் தக்கவைக்கும் ரக்கூனைத் ‘தேக்க விலங்கு’ என்றும், அதனிடமிருந்து நோயைப் பெறும் வளையணிலைத் ‘தாவலுற்ற விலங்கு’ என்றும் குறிக்கலாம். பின்னதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட ‘தாவல் ஏற்பி’ வேண்டாம். ‘ஏற்பி’ என்பது உயிரணுவின் ‘ரிசப்டர்’ என நிலைபெற்றுவிட்டது. அதற்கே வந்த ‘இறுதி விலங்கு’ என்ற பரிந்துரையை இன்னும் உறுதியாக மறுக்கிறேன். தன் இனத்துக்குள் நோயைத் தொடரச் செய்யாத விலங்கும் மனிதரைக் கடித்தால் நோயைத் தரக்கூடும். ‘அதோடு முடிந்தது’ என்ற எண்ணத்தை ஒரு கலைச்சொல் விதைக்கக் கூடாது.

கடலூர் மாவட்டச் சிற்றூர்களுக்கான துண்டறிக்கைக்காகவே நான் இச்சொற்களைத் தேடுகிறேன். இங்கே தேக்க விலங்கு நாய்தான். ஆனால் நோயின் பெயரே ‘வெறிநாய்க்கடி’ என்றிருப்பதால், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது கீரியோ நரியோ கடித்தவர், ‘நாய் கடிக்கவில்லையே’ என்று மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு இருந்துவிடக்கூடும். கடித்த விலங்கைப் பத்து நாள் கவனிக்கும் முறை நாய்க்கும் பூனைக்கும் உரியது. காட்டு விலங்குக்கு அது பொருந்தாது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அறிகுறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. ஆகவே துண்டறிக்கைத் தலைப்பில் ‘வெறிநோய்’ என்றே எழுத விரும்புகிறேன்.

அகராதிப் பதிவுக்கு என் முன்மொழிவு:

இனந்தாவல்: ஒரு தேக்க விலங்கினத்தில் நிலைத்திருக்கும் நோய்க்கிருமி, வேறோர் இனத்து உயிரியைத் தொற்றுதல்.

இவ்வரையறையில் மனிதரும் அடங்குவர் என்று நான் கொள்கிறேன். மனிதருக்குத் தொற்றுவதைத் தனிச்சொல்லால் பிரிக்க வேண்டும் என்று கருதுவோர், அச்சொல்லையும் சேர்த்தே தெரிவிக்கக் கோருகிறேன்.