ஜூலையில் சயான் பூங்கா: போய் வந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஜூலை நடுவில் லாஸ் வேகஸிலிருந்து காரில் யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவுக்கும், அப்புறம் பிரைஸ் கேன்யன் பூங்காவுக்கும் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் எட்டு வயதுப் பையனும் கூட வருகிறார்கள்.

அந்த மாதத்தில் சயானில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சகஜம். வேலூர் வெயிலைப் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்கிறார் மாமியார். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ரிவர்சைட் வாக் தளம் போட்ட பாதைதான், காலையில் அங்கே நிழல் இருக்குமா? கோடையில் பள்ளத்தாக்குக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள், ஷட்டில் பேருந்துதான். நுழைவாயில் பார்க்கிங் எத்தனை மணிக்கு நிறைகிறது?

பெரிய கவலை நேரோஸ். வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டிய இடம். ஜூலையில் இடிமழைக் காலம் தொடங்கிவிடும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் எங்கோ மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்துவிடும். முன்னெச்சரிக்கை பார்த்துத்தான் இறங்குவோம். சிறு பிள்ளைகளோடு போனவர்கள் எவ்வளவு தூரத்தில் திரும்பினீர்கள்? ஆற்றில் நச்சுப் பாசி வருவதுண்டு. பையனோ தண்ணீரைக் கண்டால் முங்கிவிடுவான். பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊரில் அவன் காலுக்கு ஏற்ற ஆற்றுக் காலணி வாடகைக்குக் கிடைக்குமா?

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சி எங்கள் திட்டத்தில் இல்லை. குலுக்கலில் அனுமதி வாங்கி, சங்கிலியைப் பிடித்து ஏறுவது இந்தக் கூட்டத்தோடு நடக்காது.

சயானுக்கு இரண்டு இரவு போதுமா, இல்லை ஒன்றைக் குறைத்து, உயரத்தில் குளுமையாக இருக்கும் பிரைஸுக்குக் கொடுக்கலாமா?