கணக்கு பிடிக்கிற பெண்ணுக்குச் சின்ன காலேஜ் போதுமா?

காலடிப்பேட்டை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மூத்த பெண் இப்போது பிளஸ் டூ, கணினி அறிவியல் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். கணக்கு என்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம். டீச்சர் போட்ட வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போட்டுப் பார்ப்பாள். விடை ஒன்றாக வந்துவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்குவாள். எனக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் நிறுத்தச் சொல்ல மனசு வராது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் இன்ஜினியரிங் என்கிறார்கள், அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். இவள் பி.எஸ்சி. கணக்கு, கிடைக்காவிட்டால் இயற்பியல் என்று உறுதியாக நிற்கிறாள். அவள் அப்பா மணலியில் கான்ட்ராக்ட் வேலை. அவரும் நானும் அவள் இஷ்டப்படி விட்டுவிட்டோம். இப்போது குழப்பம் எந்த காலேஜ் என்பதில்தான். ஒன்று பெரிய தனியார் காலேஜ். தெருமுனை வரை பஸ் வருகிறது, கணக்குக்கு மட்டும் மூன்று செக்‌ஷன். இன்னொன்று பழைய கட்டடம், சின்னது. ஒரு வகுப்பில் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று அங்கே படித்த பெண் சொன்னாள். “கூட்டமே இல்லாத காலேஜில் போய் ஏன் சேர்க்கிறாய்?” என்று என் அண்ணி கேட்கிறார்.

என் பெண்ணுக்குக் கூச்ச சுபாவம். வகுப்பில் சந்தேகம் வந்தால் கை தூக்க மாட்டாள், வீட்டுக்கு வந்து தனியாக மல்லுக்கட்டுவாள். தம்பி ஒன்பதாவது படிக்கிறான், அதனால் செலவையும் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

அக்கா, நான் பெரிய காலேஜில் பி.எஸ்சி. கணக்கு முடித்து இப்போது சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். பெரிய இடத்தில் நல்லது நிறைய உண்டு. லைப்ரரி சாயங்காலம் வரை திறந்திருக்கும். புள்ளியியல், கம்ப்யூட்டர், இயற்பியல் என்று பல டிபார்ட்மென்ட் பையன்களோடு பழக்கம் கிடைக்கும். கேம்பஸுக்குக் கம்பெனிகள் வரும். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான், அதை மறைக்கக் கூடாது.

ஆனால் எங்கள் வகுப்பில் எழுபது பேருக்கு மேல். மூன்று வருஷத்தில் கரும்பலகைக்குப் போய் நானாக ஒரு கணக்கை எழுதியதாக ஞாபகமே இல்லை. வேலைக்குப் போக அது தடையாக இல்லை. அவள் மேலே எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று போக நினைத்தால் அங்கே உதைக்கும். அதனால் முதலில் அவளையே கேளுங்கள்.

திருவொற்றியூர் டீச்சர்:

அம்மா, நீங்கள் எழுதியதில் கை தூக்க மாட்டாள் என்ற வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் தேரடி பக்கம் வளர்ந்தவள். சின்ன காலேஜில் இயற்பியல் படித்தேன், பெரிய காலேஜிலும் சின்ன காலேஜிலும் பாடம் எடுத்திருக்கிறேன். கூச்சப்படுகிற, ஆனால் தானாக யோசிக்கிற பிள்ளைக்குச் சின்ன வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். அங்கே அவள் கை தூக்க வேண்டிய அவசியமே வராது. முகத்தைப் பார்த்தே டீச்சர் கேட்டுவிடுவார்.

லேபில் நடப்பதைச் சொல்கிறேன். பி.எஸ்சி. இயற்பியலில் ‘நியூட்டன் வளையங்கள்’ என்று ஒரு பிராக்டிகல் உண்டு. சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் சிவப்பாக எரியும், சில நிமிஷம் பொறுத்தால் மஞ்சளுக்கு வரும். ஒரு பக்கம் குவிந்த லென்ஸைத் தட்டைக் கண்ணாடி மேல் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கருப்பும் மஞ்சளுமாக வளையங்கள் தெரியும், நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே மாட்டிக்கொண்ட காற்றுப் படலத்தின் மேலேயும் கீழேயும் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வருகிற வளையங்கள் அவை. சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர் என்று தெரியும். வளையங்களின் விட்டத்தை அளந்தால் லென்ஸின் வளைவு ஆரம் கணக்கில் வந்துவிடும்.

புத்தகத்தில் ஒரு பக்கம்தான். கையால் செய்யும்போதுதான் விஷயம் தெரியும். மைக்ராஸ்கோப்பின் திருகை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு வளையத்தைத் தாண்டிவிட்டோம் என்று பின்னால் திருப்பினால் மரையில் இருக்கிற தளர்ச்சி அளவுக்குள் புகுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும். சில சமயம் நடுப்புள்ளி கருப்பாக இல்லாமல் வெளிச்சமாகத் தெரியும். அப்படியானால் பெரும்பாலும் லென்ஸுக்கு அடியில் தூசி, இரண்டும் சரியாகத் தொடவில்லை. எங்கள் மேடம் அதைத் துடைத்துத் தர மாட்டார். “ஏன் வெளிச்சமா இருக்கு, சொல்லு” என்று பக்கத்திலேயே நிற்பார். நான் யோசித்துச் சொல்லும் வரை நகர மாட்டார். இயற்பியல் எனக்குப் பிடித்துப்போனது அந்த மேஜையில்தான்.

ஒரு கருவிக்கு இரண்டு பேர் என்றால்தான் இது நடக்கும். ஐந்து பேர் என்றால் ஒருத்தி பார்ப்பாள், ஒருத்தி எழுதுவாள், மற்ற மூன்று பேர் எழுதினதைப் பார்த்து எழுதுவார்கள். கூச்சப்படுகிற பெண் அந்த மூன்றில் ஒருத்தியாகிவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

கணக்கிலும் இதே கதை. பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள்கூட ‘ரியல் அனாலிசிஸ்’ என்று, எதையும் நிறுவிக் காட்டச் சொல்கிற பாடம் வந்ததும் திணறுவார்கள். அதுவரை எல்லை மதிப்பு என்ன என்று கண்டுபிடித்தால் போதும். இங்கே எல்லை என்றால் என்ன, அது இருக்கிறது என்று எப்படி நிறுவுவது என்று கேட்பார்கள். விடை எல்லைக்கு எவ்வளவு நெருங்க வேண்டும் என்று எப்சிலான் என்ற சின்ன எண்ணைக் கொடுப்பார்கள். அதற்கு x எவ்வளவு நெருங்கினால் போதும் என்கிற டெல்டாவைத் தேட வேண்டும். இதை கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து பரீட்சையில் பாஸாகிவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் தாண்டுகிறார்கள். பலகையில் எழுதி, எந்த வரியில் இடறுகிறது என்று ஒருவர் காட்டிக்கொடுத்தால்தான் அது மனசில் உட்காரும். உங்கள் பெண் தானாக வேறு வழி தேடுகிறவள். இந்தப் பாடம் அவளுக்காகவே இருக்கிறது.

சரி, சின்ன காலேஜ் எல்லாமே நல்ல காலேஜா? இல்லவே இல்லை. ஆசிரியர் இடம் காலியாகவே கிடந்து, ஆள் போட முடியாமல் சின்னதாகிப்போன துறைகளும் உண்டு. அதனால் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். அட்மிஷன் நாளில் வாசலில் பூக்கோலம்தான் தெரியும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் அருமையாகப் பாடம் எடுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வருஷா வருஷம் ஆள் மாறினால் உங்கள் பெண்ணைத் தெரிந்து வைத்திருக்க ஒருவரும் இருக்க மாட்டார். அதே துறையில் எம்.எஸ்சி. இருந்தால் நல்லது, சீனியர்கள் கிடைப்பார்கள். முடிந்தால் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் இரண்டு பேரின் அப்சர்வேஷன் நோட்டை, அதாவது லேபில் எடுத்த அளவுகளை எழுதுகிற நோட்டை, வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் கடைசி தசமம் வரை ஒரே எண்ணாக இருந்தால் அந்த லேப் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும்.

செலவுக்கு: நம் பக்கத்திலேயே அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன, அதை மறக்காதீர்கள். பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் தொடங்கிய சர் தியாகராயா. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் தியாகராயா காலேஜ் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அது முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் பெண்ணுக்குப் பொருந்தும். பள்ளியில் சான்று வாங்கி வையுங்கள்.

ராயபுரம் கணக்கு வாத்தியார்:

டீச்சரம்மா சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. காலேஜ் பெரிதா சின்னதா என்பதைவிட, அவளை உட்கார வைத்துக் கணக்கு பேச ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. லயோலா சின்ன காலேஜ் இல்லை. ஆனால் அங்கே சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணக்குச் சொல்லித்தந்தார். பிரான்சில் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த கணிதத்தை இங்கே ஹானர்ஸ் பையன்களுக்குக் கொண்டுவந்தார். சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அவரிடம் படித்தவர்கள். இரண்டு பேரும் 1953-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய், உலகம் அறிந்த கணித மேதைகள் ஆனார்கள்.

அந்த சேஷாத்ரிதான் பிற்பாடு சென்னைக் கணிதக் கழகத்தை, அதாவது சி.எம்.ஐ.யை உருவாக்கினார். 1989-ல் தொடங்கியது, பி.எஸ்சி. வந்தது 1998-ல். இப்போது சிறுசேரியில் இருக்கிறது. அம்மா, நிஜமாகவே சின்ன காலேஜ் என்றால் அதுதான். மொத்தமே சில நூறு மாணவர்கள், பாடம் எடுப்பவர்கள் ஆராய்ச்சி செய்கிறவர்கள். கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்து ஒரு பட்டம், கணிதமும் இயற்பியலும் சேர்ந்து ஒன்று. நுழைவுத் தேர்வு மே மாதம் நடக்கும், முழுக்கக் கணக்கு. ஒரு பகுதியில் விடை மட்டும் போதும், இன்னொரு பகுதியில் நிரூபித்துக் காட்ட வேண்டும். பழைய வினாத்தாள்களை அவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கே ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, வேறு வழி தேடுகிற பெண்ணுக்கு அந்தக் கேள்விகள் பிடிக்கும். அங்கே ஹாஸ்டல் இருக்கிறது. கட்டணம் அரசுக் கல்லூரி மாதிரி இருக்காது, சலுகை பற்றி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

திருப்பதியில் ஐசர் என்று அறிவியல் படிப்புக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, அதுவும் கையெட்டும் தூரம்தான். 2015-ல் வந்தது, ஐந்து வருஷப் படிப்பு. நுழைவுத் தேர்வில் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி வரும். கம்ப்யூட்டர் குரூப் என்பதால் உயிரியல் அவளுக்குக் கஷ்டம், மற்ற மூன்றில் ஈடுகட்ட வேண்டும்.

பக்கத்து காலேஜிலேயே சேர்ந்தாலும் கதவு மூடிவிடாது. எம்.டி.டி.எஸ். என்று 1993 முதல் நடக்கிற கோடைக் கணிதப் பயிற்சி இருக்கிறது. அங்கே போனால் நாடு முழுக்க இருந்து வருகிற இவள் மாதிரிப் பிள்ளைகளைப் பார்ப்பாள். பி.எஸ்சி. முடிக்கும்போது ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வை எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம். பிளஸ் டூவில் போர்டு அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து பி.எஸ்சி. கணக்கோ இயற்பியலோ சேர்ந்தால் மத்திய அரசின் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வருஷத்துக்கு 80,000 ரூபாய். தம்பி படிப்பையும் யோசிக்கிற வீட்டுக்கு அது சாதாரணத் தொகை இல்லை.

பெரம்பூர் லோகோ:

வாத்தியார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பக்கத்து காலேஜில் சேர்ந்தால் பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியை மட்டும் சொந்தமாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா. கணக்கு நன்றாகத் தெரிந்து ப்ரோகிராமும் எழுதத் தெரிந்தவர்களை எங்கள் கம்பெனியில் தேடித்தான் எடுக்கிறார்கள். அப்புறம் அண்ணியிடம் பேச உங்களுக்கும் ஒரு பதில் இருக்கும்.

காலடிப்பேட்டை அம்மா:

எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். நியூட்டன் வளையம் பகுதியை இரண்டாவது முறை அவளே வாங்கிப் படித்தாள். சி.எம்.ஐ. வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. இரண்டு சந்தேகம். இவ்வளவு நாள் தமிழில் படித்தவள், அங்கே எல்லாம் இங்கிலீஷ். சமாளிப்பாளா? இன்னொன்று, எங்களை மாதிரி ஆட்கள் போய் லேபைக் காட்டுங்கள் என்று கேட்டால் உள்ளே விடுவார்களா?

திருவொற்றியூர் டீச்சர்:

விடுவார்கள் அம்மா. வாட்ச்மேனிடம் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும், பெண்ணைச் சேர்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். பெண்ணையும் கூட்டிப்போங்கள், கேள்வியை அவளே கேட்கட்டும். பதில் சொல்கிறவர் உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, அவளைப் பார்த்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். எனக்கு அது பெரிய அடையாளம்.

இங்கிலீஷ் விஷயத்தில் முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். நம் பாடநூல்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொதுத் தேர்வு முடிந்ததும் அதே பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வார்த்தைகள் தானாக ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்ட மாதங்கள் அதற்குப் போதும். சி.எம்.ஐ. விண்ணப்பக் கடைசித் தேதியை மட்டும் இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள், அது பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை காத்திருக்காது. அப்புறம், காலேஜைப் பார்க்கப் போகும்போது செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் வெளியாட்களை லேப் பக்கம் விட மாட்டார்கள்.