போனஸுக்காகத்தான் கணக்கைத் திருத்துறாங்களாம்! (பெங்களூரு தமிழ் அக்கவுண்டன்ட்ஸ்)

பீன்யா_கணக்கன்: நேத்து ஒரு மேதாவி இங்கே "மேனேஜர்கள் கணக்கைத் திருத்துறது போனஸுக்காக மட்டும்தான்"னு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார். அப்போ சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடியில போனஸ் எங்கேய்யா? 2009 ஜனவரி 7 கடிதத்துல அதோட சேர்மன் ராமலிங்க ராஜுவே எழுதினது: செப்டம்பர் காலாண்டு வருமானம் காட்டினது 2,700 கோடி, இருந்தது 2,112 கோடி. லாப விகிதம் காட்டினது 24 சதவீதம், இருந்தது 3. அவர் சொன்ன காரணம், ப்ரமோட்டர் (கம்பெனியை ஆரம்பிச்சவங்க) பங்கு கம்மி, லாபம் படுத்தா வேற ஆள் கம்பெனியைத் தூக்கிடுவான்கிற பயம். போனஸ் எந்த வரியில இருக்கு?

கோரமங்களா_சிஏ: மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ராஜு முதலாளி சார். நான் சொன்னது சம்பளக்காரனை. மார்ச் 31 ராத்திரி பில் போட்டு, சரக்கை டீலர் குடோன்ல இறக்கி, ஏப்ரல் 10க்குள்ள கிரெடிட் நோட்ல (பில் தொகையைக் கழிக்கிற சீட்டு) திரும்ப எடுக்கிறது யாரு? டார்கெட்ல 95 சதவீதத்துல தொங்குற சேல்ஸ் ஹெட். 100 தொட்டாத்தான் இன்சென்டிவ்.

பீன்யா_கணக்கன்: கேட்டதுக்குப் பதில் வரலை. சத்யத்துல போனஸ் எங்கே? சின்னக் கம்பெனிக்கே வாங்க. ஸ்டாக் 4 கோடி, 90 நாளுக்குள்ள வரவேண்டிய பாக்கி 3 கோடி, சப்ளையருக்குத் தரவேண்டியது 2 கோடி. மிச்சம் 5ல பேங்க் 25 சதவீதம் மார்ஜின் கழிச்சா டிராயிங் பவர் (டிபி, அதாவது பேங்க் எடுக்க விடுற கடன்) 3.75 கோடி. அதுல 1 கோடி பாக்கி 90 நாளைத் தாண்டினா பேங்க் அதைச் சேர்க்காது, டிபி 3 கோடிக்கு இறங்கும். 75 லட்சம் போச்சு, சம்பளம் நிக்கும். உடனே பழைய பில்லை கேன்சல் பண்ணிப் புதுத் தேதியில அதே பில். இது பேங்குக்காக. ஏசி ரூம்ல உக்காந்தா தெரியாது.

அல்சூர்_ஆடிட்டர்: ரெண்டு பேர் சொல்றதும் ஒரே இடத்துல மாட்டும். மார்ச் கடைசி பில்களை எல்ஆர் (லாரி ரசீது), ஈ-வே பில் (சரக்கு அனுப்புற ஜிஎஸ்டி சீட்டு) வண்டி நம்பரோட ஒப்பிடணும். அப்புறம் ஏப்ரல் கிரெடிட் நோட் எல்லாத்தையும் பிரிக்கணும்.

ஹெச்எஸ்ஆர்_வாசி: பிரிச்சீங்களே சத்யத்துல! இல்லாத 5,040 கோடி ரொக்கத்தை இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?

அல்சூர்_ஆடிட்டர்: ஒரு ஃபர்ம் பண்ணதுக்கு எல்லா ஆடிட்டரையும் இழுக்காதீங்க. பேங்க்ல எவ்வளவு இருக்குங்கிற உறுதிக் கடிதத்தை ஆடிட்டரே பேங்குக்கு நேரா அனுப்பி நேரா வாங்கணும். அங்கே அதை கம்பெனி கையில விட்டாங்க.

ஹெச்எஸ்ஆர்_வாசி: அதைத்தானே நானும் சொல்றேன்?

கோரமங்களா_சிஏ: தோஷிபா கணக்கு மோசடி, 2015. மேலிடம் "சேலஞ்ச்"னு எட்டாத டார்கெட் தரும், கீழே இருக்கிறவன் செலவை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவான். அது சம்பளக்காரங்க வேலைதானே?

பீன்யா_கணக்கன்: அது பயம். போனஸ் இல்லை. சத்யத்துக்கு இன்னும் பதில் வரலை, ஜப்பானுக்கு ஓடிட்டார். ஜிஎஸ்டி இழையிலயும் இதே ஓட்டம்தான்.

கோரமங்களா_சிஏ: ஜிஎஸ்டி இழையில ஐடிசி (எடுத்த வரி வரவு) ரிவர்சல் தேதியைத் தப்பா சொன்னது யாருன்னு ஸ்க்ரீன்ஷாட் போடவா?

பீன்யா_கணக்கன்: போடுங்க. முழுசாப் போடுங்க, வெட்டாம.

அல்சூர்_ஆடிட்டர்: இது வேற இழை சார்...

ஹெச்எஸ்ஆர்_வாசி: விடுங்க ஆடிட்டர், ஸ்க்ரீன்ஷாட் வரட்டும்.