அது எம்-மா டபிள்யூ-வா? குஜிரி சைக்கிளுக்கு 1984ன்னு சர்டிஃபிகேட் குடுத்தது யாரு?

பழைய_இரும்பு
ரெண்டு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல. நம்ம ஹலசூரு தம்பி சனிக்கிழமை போட்ட பதிவ எல்லாரும் பாத்திருப்பீங்க. சிவாஜிநகர் குஜிரில, அதான் பழைய சாமான் சந்தைல, இரும்போட இரும்பா கெடந்த யுனிவேகா ரோட் பைக்க 3,200 ரூபாய்க்கு தூக்கிட்டு வந்தாராம், பெடல் அச்சுக்கு அடில இருக்கற நம்பர் எம்-ல ஆரம்பிக்குதாம், அதனால ஜப்பான்ல மியாட்டா ஃபேக்டரில 1984ல செஞ்சதாம், "இந்த கண்டிஷன்ல பெங்களூர்ல வேற கெடையாது"ன்னு கடைசில ஒரு பஞ்ச் வேற. கீழ வரிசையா கைதட்டல். ஒருத்தராவது அந்த போட்டோவ பெருசு பண்ணி பாத்தீங்களா? நான் பாத்தேன். அது எம் இல்ல, டபிள்யூ. சைக்கிள கவுத்துப் போட்டு எடுத்த போட்டோ. எம்-க்கு ரெண்டு காலும் நேரா நிக்கும், இதுல கால் விரிஞ்சிருக்கு. மியாட்டா கணக்குல ஏ-ன்னா 1972, அப்பிடியே விரல் விட்டு எண்ணிட்டு வாங்க, எம் 84, டபிள்யூ 94. முழுசா பத்து வருஷம். 85ல டாலர் மதிப்ப எறக்கறதுக்கு பெரிய நாடுங்க சேந்து பிளாசா ஒப்பந்தம் போட்டப்புறம் டாலருக்கு 240 யென் இருந்தது ரெண்டே வருஷத்துல 150 பக்கம் வந்துடுச்சு, ஜப்பான்ல செஞ்சு அமெரிக்கால வித்தா கட்டாதுன்னு பிராண்டுக்காரங்க தைவானுக்கு நடையக் கட்டினாங்க. அதனால வருஷம் மட்டும் இல்ல, ஊரே சந்தேகம்தான். தெரியாதவங்கள ஏமாத்தாதீங்கன்னு சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல.

ஹலசூரு_சங்கிலி
வாங்கண்ணே, உங்களத்தான் காணமேன்னு பாத்தேன். அது எம். நீங்க போட்டோல பாத்தீங்க, நான் கைல தடவிப் பாத்தேன். அந்த எடத்துல முதல்ல கறுப்பு கிரீஸ், அதுக்கு கீழ செம்மண்ணு, அதுக்கும் கீழ யாரோ வீட்டு கேட்டுக்கு அடிச்ச மிச்ச சில்வர் பெயிண்ட். மண்ணெண்ணெய்ல பல்லு பிரஷ்ஷ முக்கி ஒரு மணி நேரம் தேச்சேன், நகத்துல இருக்கற கறுப்பு இன்னும் போகல. எம் எம் எம்.

நந்திமலை_11
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன்

கியர்_இல்லாத_குமார்
குரு, யுனிவேகான்னா இத்தாலி கம்பெனி இல்லயா? பேரே அப்பிடித்தான இருக்கு. இதுல ஜப்பான் எங்க வந்துச்சு

ஹலசூரு_சங்கிலி
பேரு இத்தாலி, கம்பெனி கலிஃபோர்னியா, செஞ்சு குடுத்தது ஜப்பான் மச்சா. அந்தக் காலத்துல அமெரிக்கால பாதி பிராண்டு அப்பிடித்தான்.

பழைய_இரும்பு
அத இவரு சொல்லித்தான் தெரியணுமா. அமெரிக்கால பெரிய பிராண்டு ஸ்வின், அதுக்கே லீ டூர் மாடல பானாசோனிக்தான் செஞ்சு குடுத்தான். மியாட்டா துப்பாக்கி செஞ்சிட்டிருந்த பட்டறை, 1890ல முதல் சைக்கிள செஞ்சது. கியரும் பிரேக்கும் செய்யற ஷிமானோ 1921ல சக்காய் ஊர்ல ஆரம்பிச்சது, கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர் போன ஊரு. இந்த வரலாறெல்லாம் நான் எழுதி எழுதி கை ஓஞ்சு போச்சு. கேள்வி அது இல்ல. கேள்வி அந்த எழுத்து. கால் விரிஞ்சிருக்கு.

கப்பன்பார்க்_அக்கா
ஒரு நிமிஷம். இதுக்கு ஏன் காலு கையெல்லாம் பாக்கணும்? மியாட்டா நம்பர்ல எழுத்து முதல்ல வரும், எண்ணு பின்னாடி வரும். எழுத்து இடது பக்கம் இருந்தா நீங்க நேரா பாக்கறீங்க, வலது பக்கம் இருந்தா தலைகீழா பாக்கறீங்க. அவ்வளவுதான். எண்ணுல 2, 3, 4 ஏதாவது இருந்தா அதுவே சொல்லிடும்.

ஹலசூரு_சங்கிலி
அக்கா, அங்கதான் விதி விளையாடுது. நம்பர் 0, 6, 8, 9 மட்டும்தான் தெரியுது, எப்பிடித் திருப்பினாலும் நம்பராத்தான் இருக்கு. ஒரு ஓரத்த கேபிள் போற பிளாஸ்டிக் கைடு மறைக்குது, அத புடிச்சிருக்கற ஸ்க்ரூ துரு புடிச்சு தலை மழுங்கிப் போச்சு. உடைச்சா கைடு போயிடும், ஒரிஜினல் கைடு, மனசு வரல.

பழைய_இரும்பு
பாத்தீங்களா! மறைக்குது. எது வசதியோ அது தெரியுது, எது வசதி இல்லயோ அது மறைக்குது.

ஹலசூரு_சங்கிலி
சரி எழுத்த விடுங்க. பின்சக்கரம் உக்கார்ற எடத்துல வெர்னியர் வச்சு அளந்தேன், உள்பக்கம் 126 மில்லி. 94ல வந்த ரோட் பைக்குன்னா 130 இருக்கணும். கியர் லீவர் ரெண்டும் சன்டூர் கம்பெனி, ஃப்ரேமோட கீழ் பைப்புல இருக்கு, டிக் டிக்னு விழாது, நம்மளே காத குடுத்துக் கேட்டு இழுக்கணும். ஷிமானோ அந்த டிக் டிக் சமாச்சாரத்த அவனோட டாப் மாடல் டியூரா ஏஸ்ல கொண்டு வந்ததே 84லதான், 90ல கியர பிரேக் லீவருக்குள்ளயே வச்சுட்டான். 94ல எவன் இந்த மாதிரி லீவர போட்டு விப்பான்? பிரேக் ஷிமானோ, அதுக்குப் பின்னாடி ஐ-ஹெச்னு குத்தியிருக்கு. அவன் கணக்குல ஏ-ன்னா 76, ஐ-ன்னா 84, ஹெச்-னா எட்டாவது மாசம். இன்னும் என்ன வேணும், ஜப்பான்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வரட்டா?

பழைய_இரும்பு
தம்பி, பிரேக்கு ரெண்டு ஸ்பானர்ல கழண்டு வரும். எந்த சைக்கிள்ல இருந்து வந்துச்சோ யாருக்குத் தெரியும், குஜிரில கெடச்சதுன்னு நீங்களேதான சொன்னீங்க. லீவரும் அப்பிடித்தான். 126ங்கறது இரும்பு ஃப்ரேம், ஒரு ஆளு புடிச்சு அமுக்கினா நாலு மில்லி உள்ள போயிடும், குஜிரில அது மேல எத்தன ஃபிரிட்ஜ் ஏத்தி வச்சிருந்தானோ. மாத்த முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், ஃப்ரேம்ல குத்தின எழுத்து. அந்த எழுத்துக்கு கால் விரிஞ்சிருக்கு.

நந்திமலை_11
கால் விரிஞ்சிருக்கு னு டீஷர்ட் போடலாம்

மல்லேஸ்வரம்_மாமா
சண்டைய விடுங்கோப்பா. அந்த ஃப்ரேமுக்கு உள்பக்கம் என்ன போட்டான் அந்தப் பையன், அத யாரும் கேக்கல. இந்த ஊர் மழைக்கு வெளில பளபளன்னு இருந்தாலும் உள்ளேந்து அரிச்சிண்டே வரும். நான் என் ராலே சைக்கிளுக்கு முப்பது வருஷமா தேங்காண்ணெய்தான், சீட் கம்பிய உருவிட்டு ஒரு கரண்டி விட்டு ஆட்டிடுவேன், ஒண்ணும் ஆகல.

கப்பன்பார்க்_அக்கா
மாமா, தேங்காண்ணெய் காயாது, வழிஞ்சு கீழதான் வந்து தேங்கும். ஆளிவிதை எண்ணெய்னா காத்து பட்டு காஞ்சு உள்ள தோல் மாதிரி ஒட்டிக்கும். பெயிண்ட் கடையில கேட்டா குடுப்பாங்க. ஆனா தொடச்ச துணிய சுருட்டிப் போட்டுடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுத்தான் காயப் போடணும்.

மல்லேஸ்வரம்_மாமா
என் ராலே இன்னும் ஓடறதே அம்மா. தேங்காண்ணெய்க்கு என்ன கொறச்சல்.

ஹலசூரு_சங்கிலி
நான் ஆளிவிதை எண்ணெய்தான் விட்டேன் மாமா. அதுக்கு முன்னாடி சீட் கம்பி வரணுமே. அலுமினியம் கம்பி, இரும்பு பைப்பு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு அரிச்சு நடுவுல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இறுகிப் போச்சு. அஞ்சு நாள் தினமும் ராத்திரி எண்ணெய் விட்டு, ஆறாம் நாள் சீட்ட புடிச்சு திருகுனா 'க்ரீச்'னு ஒரு சத்தம், எங்கம்மா கிச்சன்ல இருந்து ஓடி வந்துட்டாங்க. அது பரவால்ல. பெடல் அச்ச கழட்ட ஒரு மெக்கானிக் கிட்ட குடுத்தேன், வலது பக்க கப்பு ரிவர்ஸ் மரைன்னு ரெண்டு தரம் சொன்னேன், "எனக்குத் தெரியும் சார்"னு சொல்லிட்டு இறுக்குற பக்கமே முட்டு குடுத்து திருப்பி, ஸ்பானர் புடிக்கற கப்போட காதையே மழுக்கிட்டாரு. குரோம்ல இருந்த துருவுக்கு சில்வர் ஃபாயில கசக்கி தண்ணி தொட்டு தேச்சேன், அவ்வளவுதான், வேற எந்த ஆசிட்டும் போடல. பெயிண்ட தொடல. உரிஞ்ச எடத்துல நிறமில்லாத கிளியர் கோட் மட்டும். சில பேர் மாதிரி நான் பவுடர் கோட்டிங் அடிக்கல.

பழைய_இரும்பு
யாரச் சொல்றீங்க

ஹலசூரு_சங்கிலி
பொதுவா சொன்னேண்ணே

கம்மனஹள்ளி_காத்து
பொதுவா என்ன பொதுவா, நான் சொல்றேன். அண்ணன் தன் பானாசோனிக்க டிராக்டர் பச்சைல பவுடர் கோட்டிங் அடிச்சு கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? அதோட ஒரிஜினல் மெரூன் பெயிண்ட்ல விரல் நகம் அளவுக்கு ரெண்டே ரெண்டு கீறல்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். இப்ப அடில நம்பரே தெரியாது, ரொட்டி மேல வெண்ணெய் தடவுன மாதிரி மூடிப்போச்சு. அது எம்-மா டபிள்யூ-வான்னு யாரு கேட்டாங்க?

பழைய_இரும்பு
பானாசோனிக்கும் மியாட்டாவும் ஒண்ணான்னு தெரியாம பேசாதீங்க. என் சைக்கிள் துரு புடிச்சிருந்துச்சு, உள்ள போய் அரிச்சிருந்துச்சு, வேற வழி இல்ல, அது காப்பாத்தினது. பச்சை என் பொண்ணு செலக்ட் பண்ணது, அவள ஏன் இழுக்கறீங்க. நான் என் சைக்கிளுக்கு வருஷம் எதுவும் சொல்லல, பஞ்ச் டயலாக் போடல, சொன்னவரத்தான் கேக்கறேன். 88ல இருந்து இந்த ஊர் ரோட்டுல மிதிக்கறேன், நந்தி மலைக்கு ரோடு ஒழுங்கா இல்லாத காலத்துலயே அஞ்சு கியர்ல ஏறினவன் நான், இப்ப வந்தவங்க ஒரு எழுத்த வச்சுக்கிட்டு எனக்கு பாடம் எடுக்கறாங்க. எழுத்து டபிள்யூ. காலு...

நந்திமலை_11
விரிஞ்சிருக்கு 🙏

கம்மனஹள்ளி_காத்து
அண்ணே அஞ்சு கியர்னதும் ஞாபகம் வந்துச்சு. சன்டூர் ஃப்ரீவீல் கழட்டற ரெண்டு பல் டூல் எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போனீங்க. லாக்டவுனுக்கு முன்னாடி. இப்ப சங்கிலி தம்பிக்கும் அதே டூல்தான் வேணும், எங்கிட்ட கேட்டாரு, அவரு கிட்ட என்ன சொல்லட்டும்?

பழைய_இரும்பு
அது வேற விஷயம், இங்க ஏன் கொண்டு வரீங்க. அந்த டூல் ஒரு பல்லு ஏற்கனவே தேஞ்சுதான் இருந்துச்சு.

கம்மனஹள்ளி_காத்து
ஓ இப்ப பல்லா. அங்க காலு இங்க பல்லு.

கியர்_இல்லாத_குமார்
நடுவுல ஒரு டவுட்டு குரு. இந்த மாதிரி சைக்கிளுக்கு டயர் எங்க கெடைக்கும்? எங்க தாத்தா சைக்கிள்ல 28னு போட்டிருக்கு, அத மாட்டிக்கலாமா

கப்பன்பார்க்_அக்கா
மாட்டவே கூடாது. ரிம்ல டயர் உக்கார்ற எடத்தோட விட்டம்தான் கணக்கு. நம்ம ஊர் பெரிய சைக்கிள் 28க்கு 1½, அது 635 மில்லி. இந்த 27க்கு 1¼ டயர் 630. இப்ப வர்ற 700சி 622. அஞ்சு மில்லிதானன்னு மாட்டுவீங்க, காத்தடிக்கும்போது ஒரு பக்கம் பிதுங்கி வெடிக்கும். 700சி வீல் போடறதுன்னா பிரேக் ஷூ நாலு மில்லி கீழ இறங்குமான்னு முதல்ல பாக்கணும்.

பழைய_இரும்பு
இதையும் சொல்றேன். 27 இன்ச்ச தூக்கிட்டு 700சி போடறதெல்லாம் பாதுகாக்கறது இல்ல. அப்பிடி போட்டா அது ஒரிஜினல்னு சொல்லக் கூடாது.

கம்மனஹள்ளி_காத்து
டிராக்டர் பச்சைல 700சி தான ஓடுது?

பழைய_இரும்பு
உங்களுக்கு பதில் சொல்ற நிலமைல நான் இல்ல.

நந்திமலை_11
சங்கிலி ப்ரோ, சும்மா கேக்கறேன், குடுக்கற ஐடியா இருக்கா? 25 வரைக்கும் ஓகே

ஹலசூரு_சங்கிலி
விக்கறதுக்கு வாங்கல ப்ரோ, இது பாசம். இன்பாக்ஸ் பாருங்க.

பழைய_இரும்பு
ஹா! இதத்தான் முதல் பதிவுலயே சொன்னேன். 3,200க்கு எடுத்து 1984 ஜப்பான்னு பட்டம் கட்டி 25,000. பாசமாம். வாங்கறவரே, நல்லாக் கேட்டுக்கோங்க, கைடக் கழட்டி முழு நம்பரக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா குடுக்காதீங்க.

கப்பன்பார்க்_அக்கா
கைடு கழட்டறதுக்கு ஏன் உடைக்கணும்? ஸ்க்ரூ தலைல ரம்பத்துல ஒரு கோடு போட்டு ஃப்ளாட் ஸ்க்ரூ டிரைவர்ல திருப்புங்க. முன்னாடி நாள் எண்ணெய் விட்டு வைங்க. மழுங்கினதுக்கே காரணம், பழைய ஜப்பான் ஸ்க்ரூவோட பிளஸ் வெட்டு வேற, நம்ம சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் முழுசா உக்காராம வழுக்கும்.

ஹலசூரு_சங்கிலி
அக்கா நீங்க தெய்வம். போட்டு பாத்தேன், வந்துடுச்சு, கைடுக்கு ஒண்ணும் ஆகல. புது போட்டோ போட்டிருக்கேன். சைக்கிள் தரைல நேரா நிக்குது, நான் தரைல மல்லாக்கப் படுத்து கீழ இருந்து எடுத்தது, பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சிருக்கேன். எழுத்து இடது பக்கம். போதுமாண்ணே?

பழைய_இரும்பு
பாத்தேன். மல்லாக்கப் படுத்தவரு தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுத்தாரு? முன்சக்கரத்துப் பக்கமா பின்சக்கரத்துப் பக்கமா? அத சொல்லவே இல்லயே. படுத்த பக்கம் மாறினா இடது வலதாயிடும். காசும் சிங்கத்தக் காட்டாம வெறும் வட்டமாத்தான் தெரியுது. எழுத்துக்கு கால் இன்னும் விரிஞ்சுதான் இருக்கு.

மல்லேஸ்வரம்_மாமா
படம் நன்னா வந்திருக்கு. ஆனா அங்க ஒரு சொட்டு தேங்காண்ணெய் வச்சிருந்தா அந்த ஸ்க்ரூ துருவே பிடிச்சிருக்காது.

கம்மனஹள்ளி_காத்து
அண்ணே, டூலு?